கருவில் இருக்கும் குழந்தையின் மூளைக்கு: வீட்டில் முதலில் எதை ஒதுக்குவது?

கர்ப்பம் என்று தெரிந்ததும் பலர் முதலில் தூக்கிப் போடுவது பிளாஸ்டிக் டப்பாவை. அது அப்புறம். நம் வீடுகளுக்குள் ஈயமும் பாதரசமும் நுழையும் வழிகளை முதலில் அடைத்துவிடுங்கள். இரண்டுமே நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவை எட்டும்.

ரசம் வைக்கும் ஈயச்சொம்பை எடுத்து வைத்துவிடுங்கள். சுத்த வெள்ளீயத்தில் செய்திருந்தால் பரவாயில்லை. காரீயம், அதாவது நஞ்சான ஈயம், கலந்திருந்தால் புளியும் சூடும் அதைக் கரைத்து ரசத்தில் இறக்கிவிடும். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. எவர்சில்வர் போதும். உள்ளே ஈயம் பூசிய பித்தளைக்கும் இதே கதிதான். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த குங்குமம் சரி. பளீரென்ற ஆரஞ்சுச் சிவப்புச் சிந்தூரத்தில் ஈய ஆக்சைடு இருக்கலாம். வகிட்டில் வைத்த விரலைக் கழுவாமல் சாப்பிட்டால் வாய்க்குள் போகும்.

ஊரிலிருந்து வரும் நாட்டு மருந்துகளான பஸ்பம், செந்தூரம், சில லேகியங்களில் பாதரசமோ ஈயமோ இருப்பதுண்டு. சாப்பிட்டிருந்தால் டப்பாவோடு மகப்பேறு மருத்துவரிடம் போய், ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு டெசிலிட்டரில் 5 மைக்ரோகிராம் தொட்டாலே, அது எங்கிருந்து வருகிறதென்று தேடி நிறுத்தச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டி. அதற்குக் கீழே இருந்தால் ஆபத்தில்லை என்று அர்த்தமில்லை. பழைய ஈயம் எலும்பில் பல்லாண்டு தங்கியிருந்து, கர்ப்பகாலத்தில் கால்சியத்தோடு சேர்ந்து வெளியே வரும். உடம்பில் இரும்புச்சத்து குறைந்தால் குடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். அதனால் மருத்துவர் கொடுத்த இரும்பு, கால்சியம் மாத்திரைகளை விடாதீர்கள்; இரண்டையும் ஒரே நேரத்தில் போடாமல் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். இரும்பு மாத்திரை போட்ட கையோடு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) வேண்டாம்.

மீனில் பலர் தடுமாறுகிறார்கள். சுறா, வாள்மீன், மார்லின் மூன்றும் அறவே கூடாது. மற்ற மீன்களைத் தின்று நெடுங்காலம் வாழும் மீன்களில் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும். உடம்பில் சேர்ந்த பாதரசம் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 50 நாள் ஆகும். ஆகவே குழந்தைக்குத் திட்டமிடும்போதே நிறுத்துவது நல்லது. பாதரசம் ஏறிய மீனால் ஜப்பானில் வந்து, 1956இல் வெளிப்பட்ட மினமாட்டா நோயில், பெரிதாகப் பாதிப்புத் தெரியாத தாய்மார்களுக்குக்கூட மூளை பாதித்த பிள்ளைகள் பிறந்தார்கள். பால் ஊறுவதற்கு என்று கொடுக்கும் சுறாப்புட்டும் இந்தத் தடையில் அடக்கம். மாமியார் மனம் கோணாமல், அதே பூண்டு, அதே மசாலா போட்டுக் கொடுவாவில் செய்துவிடலாம்.

பயந்துபோய் மீனையே நிறுத்துவதும் தவறு. மூளைக்கு வேண்டிய ஒமேகா-3 கொழுப்பு போய்விடும். நெத்திலி, மத்தி போன்ற சிறுமீன்களை வாரத்துக்கு 2, 3 வேளை, சமைக்குமுன் வேளைக்கு 110 கிராம் கணக்கில் சாப்பிடுங்கள்.

இப்போது பிளாஸ்டிக். உணவங்காடியில் கொதிக்கும் சூப்பையோ தேயையோ பையில் வாங்காமல் டிபன் கேரியரில் வாங்குங்கள். சூடும் எண்ணெயும் சேரும்போதுதான் தாலேட் (பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் ரசாயனம்) அதிகம் இறங்கும்.

கொசுவர்த்திச் சுருளை மூடிய அறையில் ஏற்றாதீர்கள். அதற்காகக் கொசுக்கடியையும் வாங்கிக்கொள்ள வேண்டாம். கர்ப்பத்தில் டெங்கி அந்தப் புகையைவிட ஆபத்து. வலையும், பொட்டலத்தில் சொன்ன அளவில் டீட் (DEET) என்னும் கொசுவிரட்டி கலந்த பூச்சும் போதும். புகைமூட்டக் காலத்தில் காற்றுத்தரக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளியே நெடுநேரம் நடக்காதீர்கள்.

குழந்தைக்கு அறை தயாரிக்க, ஈயம் இருக்கக்கூடிய பழைய பெயின்டைச் சுரண்டும் வேலை நடந்தால், வேறு வீட்டில் தங்குங்கள். திரும்பி வருமுன் யாராவது தரையை ஈரத்துணியால் துடைத்திருக்க வேண்டும். விளக்குமாறு தூசியைக் கிளப்பித்தான் விடும்.