ஆப்கானிஸ்தானுக்கு ஒரு போஸ்டர்: எங்கே சறுக்குகிறோம்?

ஆப்கானிஸ்தான் பற்றி ஒரு போஸ்டரோ புத்தக அட்டையோ செய்யச் சொன்னால், பெரும்பாலோர் முதலில் படம் தேடுவார்கள். எழுத்திலிருந்து தொடங்குங்கள் என்பேன். மோசமான தவறுகள் அங்கேதான் நடக்கின்றன.

அங்குள்ள முக்கிய மொழிகளான தாரி, பஷ்தோ இரண்டையும் வலமிருந்து இடமாக, எழுத்தோடு எழுத்தைக் கோத்து எழுதுவார்கள். சொல்லில் எழுத்து நிற்கும் இடத்தைப் பொறுத்து அதன் உருவம் மாறும். இதற்கான அமைப்பை இயக்காத மென்பொருளில் வரியை ஒட்டினால், எழுத்துகள் பிரிந்து, வரிசையும் தலைகீழாகிவிடும். போட்டோஷாப்பில் தமிழ்க் கொம்பு இடம் மாறி நின்றதைப் பார்த்து நொந்தவர்களுக்கு இந்த வலி தெரியும்.

‘அரபி ஃபான்ட் போதும்’ என்பது இன்னொரு தப்புக் கணக்கு. பஷ்தோவில் நம்மைப்போலவே நாக்கை மடித்துச் சொல்லும் ட, ண போன்ற ஒலிகள் உண்டு. அவற்றுக்கான எழுத்துகளில் ஒரு சிறு வளையம் ஒட்டியிருக்கும். பல அரபி ஃபான்ட்களில் அது இருக்காது. எழுத்துக்குப் பதில் வெறும் கட்டம் விழும், அல்லது வேறு ஃபான்டிலிருந்து ஓர் எழுத்து ஒட்டாமல் வந்து நிற்கும். ‘பாணா’ என்றால் இலை, ஏடு. வளையத்தை அலங்காரம் என்று நினைத்து எடுத்துவிட்டால் ண போய் ந வந்துவிடும், சொல்லே கெட்டுவிடும்.

தாரியும் பாரசீகம்தானே என்று ஈரானிய டிசைனை அப்படியே எடுப்பதும் நடக்கிறது. நவ்ரோஸ் என்னும் புத்தாண்டு வாழ்த்து அட்டையில் இது பளிச்சென்று தெரிந்துவிடும். ஈரானியர்கள் ‘ஸ’ ஒலியில் தொடங்கும் ஏழு பொருள்களைப் பரப்பி வைப்பார்கள். ஆப்கன் வீடுகளில் ஹஃப்த் மேவா. உலர்திராட்சை, பாதாம், அக்ரூட், பிஸ்தா, உலர்ந்த ஆப்ரிகாட் என ஏழு வகை நீரில் ஊறி, அந்த நீரே இனிப்புச் சாறாகி, கிண்ணத்தில் வரும். அந்தக் கிண்ணத்தை வரையுங்கள். காலண்டர் என்றால் மாதப் பெயரையும் பாருங்கள். புத்தாண்டு மாதம் ஈரானில் ஃபர்வர்தீன், ஆப்கன் தாரியில் ஹமல், அதாவது மேஷம். அங்கே பன்னிரண்டு மாதங்களுக்கும் ராசிப் பெயர்கள்தான்.

‘ஆப்கன் பேட்டர்ன்’ என்று ஒன்றே ஒன்று கிடையாது. கந்தஹாரின் காமக் தையல் நூலெண்ணிப் போடும் நுண்ணிய கட்டவேலை. துர்க்மென் இனத்தவரின் கம்பளத்தில் அடர்சிவப்பின் மேல் ‘குல்’ எனும் எண்கோண உருக்களின் வரிசை. காபூலுக்கு வடக்கே இஸ்தாலிஃப் மண்பாண்டங்களில் பச்சைநீல மெருகு. இவற்றை ஒரே பார்டரில் அடைத்தால் எல்லா ஊரும் காணாமல் போகும். ஹசாரா என்னும் வேறோர் இன மக்களின் நிகழ்ச்சிக்குக் கந்தஹார் தையலைப் போட்டால், அது இரவல் சட்டை மாதிரி நிற்கும்.

சரி, படங்கள். நீலப் புர்கா, துப்பாக்கி, இடிந்த சுவர் மூன்றோடு நிற்காதீர்கள். போரைக் காட்டவே கூடாது என்பதில்லை. 1979 சோவியத் படையெடுப்புக்குப் பிறகு நெசவாளர்களே கம்பளங்களில் டாங்கியும் ஹெலிகாப்டரும் நெய்தார்கள். அது அவர்கள் தங்கள் கையால் சொன்ன கதை. 2021 செப்டம்பரில் காபூலில் முழுக் கறுப்பு உடுத்திய பெண்கள் தாலிபான் ஆதரவுக் கூட்டத்தில் அமர்ந்த படங்கள் வந்தபோது, ஆப்கன் பெண்கள் பலர் பச்சையும் சிவப்பும் கண்ணாடிவேலையுமாகத் தங்கள் பாரம்பரிய உடையில் படம் போட்டு, ‘என் உடையைத் தொடாதே’ என்றார்கள். நிறம் தேர்ந்தெடுக்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருபவை அந்தப் படங்கள்தான்.

கடைசியாகக் கொடி. 2007இல் கோஸ்த் மாகாணத்தில் அமெரிக்கப் படை ஹெலிகாப்டரிலிருந்து குழந்தைகளுக்குக் கால்பந்துகளைப் போட்டது. பந்தில் அச்சிட்ட பல நாட்டுக் கொடிகளில் சவூதிக் கொடியும் ஒன்று, அதில் கலிமா, அதாவது இஸ்லாத்தின் நம்பிக்கை உறுதிமொழி. புனித வாசகத்தைக் காலால் உதைப்பதா என்று மக்கள் போராட, மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. 2021 வரை இருந்த கறுப்பு-சிவப்பு-பச்சைக் கொடியின் சின்னத்திலும் கலிமா உண்டு, தாலிபானின் வெள்ளைக் கொடியிலும் உண்டு. எதைப் போட்டாலும் அரசியல் நிலைப்பாடாகவே படிக்கப்படும் என்பதால், எந்தக் கொடி என்று முதலிலேயே வாடிக்கையாளரிடம் கேட்டுவிடுங்கள். மிதியடி, செருப்பு, பந்து என்றால் கொடியே வேண்டாம்.