பெட்ஃபோர்டு கொடியைப் பட்டில் மறுபடி செய்யும் முறை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பெட்ஃபோர்டு ஊரின் பொது நூலகத்தில் உள்ள குடிப்படைக் கொடியை, 1775 ஏப்ரல் 19 அன்று, அமெரிக்க விடுதலைப் போரின் தொடக்கமான கான்கார்டு சண்டைக்கு நத்தானியேல் பேஜ் ஏந்திச் சென்றார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ஏறத்தாழ 27 அங்குலத்துக்கு 29 அங்குலம். குதிரைப்படைக்கு ஏற்ற சிறிய அளவு. மேகத்திலிருந்து நீளும் கவசக் கை, உருவிய வாள், மூன்று குண்டுகள், 'வெல் அல்லது மடி' எனப் பொருள்படும் லத்தீன் வாசகம் தாங்கிய நாடா ஆகிய அனைத்தும் கருஞ்சிவப்பு டமாஸ்க் (நெசவிலேயே பூவடிவம் கொண்ட) பட்டின் இருபுறமும் தீட்டப்பட்டவை. ஆகவே, இது தையலைவிட ஓவியத்தையே நம்பிய வேலை.

சிங்கப்பூரின் அராப் ஸ்திரீட் கடைகளில் துணி வாங்குமுன் ஓர் இழையைக் கேட்டு வாங்கி, வெளியே வந்து கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாடையும் விரலில் நொறுங்கும் சாம்பலும் பட்டின் அடையாளம். உருகி மணியாகத் திரண்டால் அது பாலியெஸ்டர்.

துணியை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, தீட்டும் பகுதிகளுக்கு மட்டும் நீர்த்த ஜெலட்டின் பூசி உலரவிட வேண்டும். இதைச் செய்யாமல் எண்ணெய் வண்ணத்தை நேரே வைத்ததால், என் முதல் முயற்சியில் வாளைச் சுற்றி எண்ணெய்க்கறை படர்ந்தது. அந்த முழம் பட்டு இன்று மேசைத்துடைப்பான்.

கோட்டுருவைத் துணிக்கு மாற்ற, தேக்கா வட்டாரத்தில் ஆரி வேலை செய்பவர்கள் ரவிக்கைக்குச் செய்வதையே பின்பற்றலாம்: தாளில் கோடு நெடுக ஊசியால் குத்தி, மேலே சாக்பீஸ் தூளைத் துணிமுடிச்சால் ஒற்றினால், சிவப்பில் வெண்புள்ளிகள் தெளிவாக விழும். மறுபுறத்துக்கு அதே தாளைத் திருப்பிப் போட்டால் எழுத்துகள் கண்ணாடியில் காண்பதுபோல் புரண்டுவிடும் என்பதால், வாசகத்துக்குத் தனித்தாள் வேண்டும்.

வண்ணத்தை மெல்லிய பூச்சுகளாகவே ஏற்றுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் ஒரு பூச்சு உலரவே பல நாளாகும். மற்றப் பக்கத்தை அதன்பின் தொடுவதே நல்லது. முடிந்ததும் மடிக்காமல் குழாயில் சுருட்டி வையுங்கள், மடிப்பில் வண்ணம் வெடிக்கும்.

விளிம்புக்கு வெள்ளிக் குஞ்சம் தேவையா என்பது உங்கள் விருப்பம். மூலக்கொடியில் இருந்த குஞ்சத்தைப் பேஜ் வீட்டுப் பெண்ணொருத்தி தன் உடுப்புக்கு எடுத்துக்கொண்டாள் என்றொரு கதை உண்டு. நான் அவளுக்கே விட்டுவிட்டேன்.