பாவித்த எஸ்எஸ்டி வாங்கும்போது சதவீதத்தை விட்டுவிட்டு, எழுதப்பட்ட அளவைப் பாருங்கள்

பாவித்த எஸ்எஸ்டியை (கணினித் தரவைச் சேமிக்கும் சிப் டிரைவ்) கல்முனையில் கடையில் வாங்கினாலும் சரி, இக்மன் இணையத்தளத்தில் பார்த்து கொழும்பிலிருந்து பஸ் பார்சலில் எடுத்தாலும் சரி, விற்பவர் முதலில் அனுப்புவது டிரைவின் ஆரோக்கியம் 'குட் 98%' என்று போட்ட ஒரு ஸ்கிரீன்ஷொட். அது எந்த டிரைவின் படம் என்று யாருக்குத் தெரியும்? படத்தில் உள்ள சீரியல் இலக்கமும் டிரைவின் லேபிளில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். பார்சல் என்றால், லேபிளைக் காட்டி, செருகி, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற சோதனை மென்பொருளைத் திறப்பது வரை வெட்டாமல் எடுத்த வீடியோ கேளுங்கள். காசு அதற்குப் பிறகு.

நேரில் போகிறவர்கள் லெப்டொப், யுஎஸ்பி 3 சாட்டா கேபிள் (தட்டைப் பெட்டி வடிவ டிரைவுக்கு), எம்.2 பெட்டி (சிறு பலகை வடிவ டிரைவைப் போட) மூன்றையும் கொண்டு போங்கள். ஆர்டிஎல்9210பி சிப் உள்ள பெட்டி சாட்டா, என்விஎம்இ என்ற இரண்டு வகை எம்.2 டிரைவ்களையும் வாசிக்கும். மலிவான சில கேபிள்கள் ஸ்மார்ட் விவரத்தை (டிரைவ் தன் நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் பதிவு) கடத்தாது. வீட்டில் உள்ள டிரைவில் முதலே போட்டுப் பார்த்துவிடுங்கள்.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைத் திறந்ததும் சதவீதத்தை விட்டுவிட்டு வலப்பக்க மேல் மூலைக்குப் போங்கள். 'டோட்டல் ஹோஸ்ட் ரைட்ஸ்' என்ற எண்தான் இதுவரை எழுதப்பட்ட மொத்த அளவு. அதை அந்த மொடலுக்குக் கம்பனி சொல்லும் டிபிடபிள்யூவோடு, அதாவது எழுதக்கூடிய மொத்த டெராபைட் எல்லையோடு ஒப்பிட வேண்டும். 40 டெராபைட் எழுதியிருக்கிறது என்று வையுங்கள். கிங்ஸ்டன் ஏ400 240 ஜிபிக்கு எல்லை 80, ஆகவே பாதி ஆயுள் போய்விட்டது. சாம்சங் 870 ஈவோ 500 ஜிபிக்கு எல்லை 300. அதற்கு இது ஏழில் ஒரு பங்குகூட இல்லை. எண் ஒன்றுதான், ஆனால் முதலாவதற்குப் பாதி விலைகூட அதிகம். லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல் என்ற கட்டளையைப் பாவிப்பவர்களுக்கு என்விஎம்இயில் 'டேட்டா யூனிட்ஸ் ரிட்டன்' என்று வரும். 10 லட்சம் யூனிட் என்றால் ஏறத்தாழ அரை டெராபைட்.

அடுத்தது ஓடிய மணித்தியாலம். அலுவலகக் கணினி நாளுக்கு 9 மணித்தியாலம், வருடம் 250 நாள் ஓடினால் 2,250 வரும். "வீட்டு லெப்டொப்பில் ரெண்டு வருஷம்தான் கிடந்தது" என்பவரின் டிரைவில் 17,000 நின்றால் அது இரவு பகலாக ஓடியது. சேர்வரோ, கேமரா பதிவுப் பெட்டியோ, 2021இல் சியா என்ற கிரிப்டோ நாணயத்துக்காக அரைத்த இயந்திரமோ. மாறாக, லேபிளில் 2019 என்று இருக்க, மணித்தியாலம் 5 என்றால் சந்தோஷப்பட வேண்டாம். கணக்கை அழித்து பூச்சியத்திலிருந்து தொடங்கி விற்பவர்களும் இருக்கிறார்கள். எம்.2வின் ஆணி உட்காரும் அரைவட்டத்தில் தேய்மானம், இணைப்புப் பல்லில் பல கோடுகள் இருந்தால் அது 5 மணித்தியாலப் பொருள் இல்லை.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவின் கீழ்ப் பட்டியலில் 05, பிபி (BB) ஆகிய வரிகளின் மூல எண்ணைப் பாருங்கள். முதலில் ஃபங்ஷன் மெனுவில் மூல மதிப்பைப் பத்தடிமானத்துக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் பதினாறடிமானத்தில் குழப்பும். சாட்டா டிரைவ்கள் பலவற்றில் இவை கெட்ட பகுதிகளையும் திருத்த முடியாத பிழைகளையும் எண்ணும். பூச்சியம் அல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். என்விஎம்இயில் 'மீடியா' பிழை வரிக்கும் அதே தீர்ப்பு. சி7 (C7) வரியின் எண் கூடியிருந்தால் பெரும்பாலும் கேபிள் கோளாறு, டிரைவ் மீது பழி போட வேண்டாம். 'அன்சேஃப் ஷட்டவுன்' (முறையாக அணைக்காமல் மின்சாரம் போன தடவைகள்) நூற்றுக்கணக்கில் நின்றாலும் பயப்பட ஒன்றுமில்லை. 2022இல் கரண்ட் போன போக்குக்கு யூபிஎஸ் இல்லாத எந்தக் கணினியிலும் அப்படித்தான் இருக்கும்.

கல்லடி, காத்தான்குடி போன்ற கடற்கரையோரப் பொருள் என்றால் இணைப்புப் பல்லை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கறுப்பு அழுக்கு என்றால் ஐசோப்ரோபைல் அல்ககோலில் நனைத்த பஞ்சால் துடைத்தால் போய்விடும். பச்சை படிந்து குழி விழுந்திருந்தால் உப்பு ஏறிவிட்டது.

கடைசியாக முழுதும் எழுதிப் பார்ப்பது. டிரைவை வெறுமையாக்கி எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற சோதனை மென்பொருளை ஓடவிடுங்கள். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலிகள் இதில்தான் அகப்படும். 240 ஜிபி, விநாடிக்கு 100 எம்பி என்றால் எழுத 40 நிமிடம். யுஎஸ்பி 2 துளையில் செருகினால் ரெண்டு மணித்தியாலம் போகும். நடுவில் வேகம் விழுவது மலிவு டிரைவ்களில் வழமை. சில எம்பிக்கு இறங்கி அங்கேயே நின்றால் வேண்டாம். இந்தச் சோதனை டிரைவைத் தேய்க்குமே என்பார்கள். 80 டெராபைட்டில் 240 ஜிபி 0.3% மட்டும்.

பாதி ஆயுள் போனதை மலிவாக எடுத்து விண்டோஸ் ஓட்டலாம், தவறில்லை. கலியாணப் படங்களைப் போட்டு அலுமாரியில் வைக்க மட்டும் பாவிக்காதீர்கள். எல்லை வரை எழுதிய டிரைவ் மின்சாரம் இல்லாமல் 30 பாகை வெப்பத்தில் ஒரு வருடம் தரவைக் காத்தால் போதும் என்பதே ஜெடெக் என்ற சிப் தர நிர்ணய அமைப்பின் நியமம். ஏப்ரல், மே மாதங்களில் நம் பக்கத்துத் தகரக் கூரை வீட்டில் 30 பாகை எங்கே இருக்கிறது?