மலைப்பொருளுக்குப் பெயர் சேர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் கொடைக்கானல் பக்கத்துப் பூம்பாறையிலிருந்து ஒரு தங்கை வந்திருந்தாள். படிப்பு முடித்த கையோடு, அப்பா விளைவிக்கும் மலைப்பூண்டை இன்ஸ்டாகிராமில் விற்க ஆரம்பித்திருக்கிறாள். "அக்கா, ஒருத்தங்க கமெண்ட்ல வந்து பூண்டு ரொம்பச் சின்னதா இருக்குன்னு போட்டுட்டாங்க. டெலீட் பண்ணி, அவங்கள பிளாக்கும் பண்ணிட்டேன். சரிதானே?" என்று போனை நீட்டினாள். எனக்குச் சுருக்கென்றது. சில வருடங்களுக்கு முன் இதே கொடைக்கானலில், இதே பூண்டுக்காக, நான் செய்ததும் அதுதான்.

ஹோம்ஸ்டே, தேன், பூண்டு, சாக்லேட் என்று மலையில் சிறு தொழில் நடத்துபவர்களுக்கு மக்கள் தொடர்பும் சமூக ஊடகமும் பார்த்துக் கொடுப்பது என் வேலை. மங்கலான படம், எழுத்துப்பிழை, காசு கொடுத்து வாங்கும் ஃபாலோவர் ஆகியவற்றை விட்டுவிடுகிறேன். அவை தவறு என்று எல்லோருக்கும் தெரியும்.

## கேள்வி கேட்டவரின் வாயை அடைப்பது

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு, அதாவது இங்கே விளைந்ததற்கு மட்டுமே இந்தப் பெயர் என்னும் சட்டப் பாதுகாப்பு, கிடைத்தது. அதற்குப் பின்னால் இங்குள்ள அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தின் உயிர்த்தொழில்நுட்பத் துறை உழைத்திருந்தது. செய்தி பரவியதும், அதுவரை பெரியகுளம் பக்கத்து வடுகபட்டி மண்டிக்குப் போய்க்கொண்டிருந்த பூண்டைக் கூரியரில் அனுப்பினால் என்ன என்று பலருக்கும் தோன்றியது. அப்படி ஆரம்பித்த ஒருவருக்கு நான் பக்கம் நடத்தினேன். கூடவே ஒரு வாட்ஸ்அப் குழு.

அந்தக் குழு எனக்குப் பிடித்துப் போயிற்று. சுமார் 200 பேர், பெரும்பாலும் பெண்கள். பிள்ளை பெற்ற மகளுக்குப் பூண்டு லேகியம் கிண்டிய அம்மா, எவ்வளவு நெய் என்று படிப்படியாக எழுதுவார். மதுரைப் பக்கத்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், பூண்டை முளைவிடாமல் வைப்பது எப்படி என்று புதிதாகச் சேர்பவர்களுக்கெல்லாம் சளைக்காமல் சொல்லிக் கொடுப்பார். ஒரு பிராண்டைச் சுற்றி மனிதர்கள் சேர்வது என்றால் என்னவென்று நான் கற்றது அங்கேதான்.

இந்தப் பூண்டைத் தாளோடு பிடுங்கி, கட்டுக் கட்டாக அடுப்புக்கு மேல் விட்டத்தில் தொங்கவிடுவார்கள். புகை ஏற ஏறத் தோல் இறுகும், பூச்சி அண்டாது, மாதக்கணக்கில் தாங்கும். உரித்தால் புகை வாசம் விரலோடு வரும். கை கழுவினாலும் சட்டென்று போகாது. இதையெல்லாம் படம் படமாகப் போட்டேன். ஆர்டர் குவிந்தது. நான் போஸ்ட் போடுகிற வேகத்துக்குக் காட்டில் பூண்டு விளையாது என்பதை மட்டும் யோசிக்கவில்லை. சரக்கு எங்கிருந்து வருகிறது என்று உரிமையாளரிடம் நான் கேட்கவுமில்லை.

ஒரு நாள் இரவு அந்த ஆசிரியை ஒரு படம் அனுப்பினார். எவர்சில்வர் தட்டில் இரண்டு பூண்டு. ஒன்று போன பார்சலில் வந்தது, மற்றது இந்தப் பார்சலில் வந்தது. கீழே, "இதில் புகை வாசமே இல்லையே, பல்லும் பெரிது பெரிதாக இருக்கிறது. நம்ம மலைப் பூண்டுதானா?" குழுவின் சூழல் கெட்டுவிடக் கூடாது என்று நினைத்து, அட்மின் என்ற முறையில் அதை நீக்கினேன்.

காலையில் எழுந்து பார்த்தால், வேறொருவர் அதே படத்தை ஸ்கிரீன்ஷாட்டாகப் போட்டு, "இதை ஏன் எடுத்தீர்கள்?" என்று கேட்டிருந்தார். யாரும் சண்டை போடவில்லை. 'வெளியேறினார்', 'வெளியேறினார்' என்று வரி வரியாக வந்துகொண்டே இருந்தது. ஒரு வாரத்தில் பாதிப்பேர் போய்விட்டார்கள். லேகியம் சொன்ன அம்மாவும் போய்விட்டார். பிறகுதான் தெரிந்தது, சரக்கு பற்றாததால் இமாச்சல் பூண்டைக் கலந்திருக்கிறார்கள். அடுத்த போகத்தில், இதில் சம்பந்தமே இல்லாத விவசாயிகளிடமும் "இது ஒரிஜினலா?" என்று கேட்டுத்தான் வாங்கினார்கள். அது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

அக்கறையில்லாதவர் புகார் சொல்வதில்லை, அடுத்த முறை வாங்க மாட்டார், அவ்வளவுதான். இரண்டு பூண்டைத் தட்டில் வைத்துப் படம் எடுக்கிறவர் உங்கள் பெயருக்குக் காவல் நிற்கிறார். அவர் கேள்வியை நீக்கினால், பதில் சொல்ல முடியாத ஏதோ இருக்கிறது என்று மற்ற எல்லோருக்கும் நீங்களே அறிவித்ததாகிவிடும்.

பதில் தெரியாவிட்டாலும் கேட்ட இடத்திலேயே, அன்றைக்கே எழுதுங்கள். இப்போது நான் எழுதுவது இப்படி இருக்கும்: "அம்மா, படம் பார்த்தேன். இந்தப் பார்சல் யார் காட்டு மூட்டை என்று விசாரிக்கிறேன். நாளை மாலை 6 மணிக்குள் இங்கேயே சொல்கிறேன்." சொன்ன நேரத்துக்குச் சொல்ல வேண்டும். கலப்படம் என்றால் ஒப்புக்கொண்டு பணத்தைத் திருப்ப வேண்டும். சரக்கு தீர்ந்தால் "இந்தப் போகம் முடிந்தது" என்று போட்டுக் கடையை மூடுங்கள், காத்திருப்பார்கள். வெளிப் பூண்டுக்கு இந்தப் பெயரை ஒட்டி விற்பது 1999-ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி குற்றம். 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை உண்டு.

நீக்கவே கூடாதா? வசவு, சாதிப் பேச்சு, மோசடி லிங்க், அடுத்தவர் போன் நம்பர், இவற்றைத் தயங்காமல் நீக்கலாம். ஆனால் அந்த விதியை முதல் நாளே குழுவின் விவரப் பகுதியில் எழுதி வைத்திருக்க வேண்டும்.

பூம்பாறைத் தங்கை என் எதிரிலேயே பிளாக்கை எடுத்தாள். பதில் எழுத இருபது நிமிடம் ஆனது. மலைப்பூண்டு சராசரியாக 20 முதல் 30 கிராம்தான் இருக்கும் என்று எழுதி, அப்பாவின் உள்ளங்கையில் பூண்டு இருக்கும் படத்தையும் சேர்த்தாள்.

## இலவசமாகத் தங்கவைத்ததை மறைப்பது

ரீல்ஸ் போடுகிறவரை இரண்டு நாள் தங்கவைத்து, அவர் சொந்தக் காசில் வந்தவர் மாதிரி பேசவைக்காதீர்கள். இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021-லேயே, விளம்பரம் என்றால் விளம்பரம் என்று குறிக்கச் சொல்லிவிட்டது. ஒன்றிய அரசின் வழிகாட்டுதலும் 2023 ஜனவரியில் வந்தது; இலவசத் தங்கலும் அதில் அடக்கம். தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. "இவர்கள் அழைத்ததால் வந்தோம்" என்று ஒரு வரி சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

## பரிசுப் போட்டி வைத்து ஆள் சேர்ப்பது

பரிசுக்கு வந்தவர் பரிசோடு போவார்.

## ஊரைக் கேட்காமல் இடத்தைக் காட்டிக்கொடுப்பது

2018-ல் குறிஞ்சி பூத்தபோது, சரிவுகளின் துல்லியமான லொகேஷனைப் போட்டு லைக் வாங்கியவர்கள் உண்டு. பின்னாலேயே வண்டிகள் போயின, செடிகள் மிதிபட்டன. 12 வருடத்துக்கு ஒரு முறை பூப்பது, அடுத்தது 2030. அதற்குள் இந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். அருவியோ, பூவோ, யாரோ ஒருவர் வீட்டு வாசலோ, அங்கே இருப்பவர்களிடம் முதலில் கேளுங்கள். மறுத்தால் படத்தை மட்டும் போடுங்கள், இடத்தைச் சொல்லாதீர்கள். உங்கள் ஹோம்ஸ்டேக்குப் பாலும் தண்ணீரும் தருவது அந்த ஊர்தான்.

## பிராட்காஸ்டை நம்பியிருப்பது

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட், உங்கள் நம்பரைச் சேமித்து வைக்காதவருக்குப் போய்ச் சேராது. பாதிப்பேருக்குப் போகாத செய்தியை அனுப்பிவிட்டு, ஆர்டர் வரவில்லை என்று விலையைக் குறைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

## செய்தி இல்லாத நாளில் செய்திக்குறிப்பு

அனுப்பாதீர்கள். நிருபருக்கு அடுத்த முறை நம்பிக்கை இருக்காது.

## இ-பாஸைச் சொல்ல மறப்பது

உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வண்டியில் வர இ-பாஸ், அதாவது இணையத்தில் பதிவு செய்து வாங்கும் அனுமதி, வேண்டும். "வாங்க, குளுகுளு" என்று கோடையில் அழைக்கிற ஒவ்வொரு பதிவிலும் அது முதல் வரியாக இருக்க வேண்டும். சோதனைச் சாவடியில் காரை ஓரங்கட்டி, கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்காத போனில் பதிவு செய்யத் திணறுகிற குடும்பம் முதலில் கோபப்படுவது அழைத்த உங்கள் மேல்தான்.

## பக்கத்தின் சாவி

பக்கத்தைத் திறப்பது உங்கள் நம்பராகவும் உங்கள் மின்னஞ்சலாகவும் இருக்கட்டும். தம்பியின் நண்பருடையது வேண்டாம், என்னுடையதும் வேண்டாம்.