பகடை நாலும் நாலு ப்ளஸ்ஸும் ஒன்றில்லை: ஸ்வீடிஷ் பங்க் விமர்சனங்களைப் பகிரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 ஆகஸ்ட் 29, வெள்ளிக்கிழமை. ஸ்வீடனின் ஃபாகர்ஸ்டா ஊரைச் சேர்ந்த பங்க் ராக் பேண்ட் தி ஹைவ்ஸின் ‘தி ஹைவ்ஸ் ஃபாரெவர் ஃபாரெவர் தி ஹைவ்ஸ்’ ஆல்பம் வெளியான நாள். புது ஆல்பம் வந்தால் ரசிகர்கள் முதலில் கேட்பார்கள். அடுத்த வேலை, பத்திரிகைகள் என்ன எழுதியிருக்கின்றன என்று தேடி ஒருவருக்கொருவர் அனுப்புவது. பங்க் கேட்பவர்கள் விமர்சகர்களைப் பெரிதாக மதிப்பதில்லை என்று ஒரு பேச்சு உண்டு. ஆனாலும் பிடித்த பேண்டுக்கு நல்ல மதிப்பெண் விழுந்தால் மனசு குளிரத்தான் செய்கிறது. அந்த அவசரத்தில்தான் தவறுகள் நுழைகின்றன.

புதிதாக இதில் இறங்குபவர்கள் ஒவ்வொரு ஆல்பத்துக்கும் அதே குழிகளில் விழுகிறார்கள். பெயரைத் தப்பாக எழுதுவது, லிங்க் போட மறப்பது எல்லாம் ஐந்து நிமிடத்தில் யாராவது சொல்லிச் சரியாகிவிடும். யார் கண்ணிலும் படாமல் வருடக்கணக்கில் தங்கிவிடும் தவறுகள் வேறு.

அளவுகோலை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுப்பது

அதிக சேதம் செய்வது இதுதான். எத்தனை முறை விளக்கினாலும் அடுத்த ஆல்பத்துக்குத் திரும்ப வந்து நிற்பதால் எரிச்சலும் இதன் மேல்தான் அதிகம்.

ஸ்காண்டிநேவியப் பத்திரிகைகள் பலவும் தமக்கென்று ஒரு குறி வைத்திருக்கின்றன. ஆஃப்டன்பிளாடெட் ப்ளஸ் குறி போடும், உச்சம் 5. எக்ஸ்பிரஸ்ஸனின் சின்னமே குளவி என்பதால் அது குளவிகளைப் போடும். அதற்கும் உச்சம் 5. டாகென்ஸ் நிஹெட்டரும் 5 வரைதான். ஆனால் அதே ஸ்டாக்ஹோமிலிருந்து வரும் ஸ்வென்ஸ்கா டாக்பிளாடெட் 6 வரை போகிறது. எல்லை தாண்டி நார்வேக்குப் போனால் வே.கே. பத்திரிகை 1952 முதல் பகடை உருட்டுகிறது. பகடைக்கு ஆறு முகம், ஆகவே உச்சம் 6. டென்மார்க்கின் பொலிட்டிகென் இதயம் போடும், அதுவும் 6.

இப்போது ஒருவர் ‘நார்வே பத்திரிகை 5 கொடுத்திருக்கிறது’ என்று போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்தவர் அதை ‘5/5’ ஆக்குகிறார். மூன்றாமவர் ‘நார்வேயில் முழு மதிப்பெண்’ என்கிறார். விமர்சகர் தெரிந்தே ஒரு முகத்தைக் கையில் வைத்துக்கொண்டு 5 போட்டிருப்பார். மூன்று கை மாறுவதற்குள் அவர் ஆல்பத்தில் குறையே இல்லை என்று சொன்னதாகிவிடும்.

நாலு வரும்போது நிலைமை இன்னும் மோசம். 5-க்கு 4 என்றால் உறுதியான பாராட்டு. 6-க்கு 4 என்றால் ‘நன்றாகத்தான் இருக்கிறது, குறைகளும் இருக்கின்றன’ என்ற அளவில் நிற்கும். சும்மா வகுத்துப் பார்த்தாலே முதலாவது 80, இரண்டாவது 66.7. ஆறு எண் அளவுகோலில் நட்ட நடுவே எண் கிடையாது என்பதையும் பார்க்க வேண்டும். ஐந்தில் 3 போட்டு நடுவில் நின்றுகொள்ளலாம். ஆறில் 3 அல்லது 4, ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும். அதனால் அங்கே 3-க்கும் 4-க்கும் உள்ள இடைவெளி, காகிதத்தில் தெரிவதைவிடப் பெரியது.

‘அப்படியானால் எல்லாவற்றையும் நூற்றுக்கு மாற்றிவிடுவோம்’ என்று சிலர் கிளம்புவார்கள். அதுவும் சரிவராது. பகடையில் பூஜ்யம் இல்லை. மிக மோசமான ஆல்பத்துக்கும் 1 விழும். வகுத்தால் அது 16.7. ஐந்தில் 1 என்றால் 20. அமெரிக்க இசைத் தளமான பிட்ச்ஃபோர்க்கோ 0.0-இலிருந்தே ஆரம்பிக்கிறது. அடிமட்டம் 1 என்பதைக் கணக்கில் எடுத்தால் 6-க்கு 4 என்பது 60 ஆகும், 5-க்கு 4 என்பது 75 ஆகும். எந்தக் கணக்கு சரி என்று சண்டை போட்டால் முடிவே வராது. எனவே மாற்றாமல், அச்சில் உள்ளபடியே எழுதுங்கள்: ‘பகடை 4 (6-க்கு)’, ‘3 குளவி (5-க்கு)’.

எண்ணைத் தவறவிடும் இடம் பெரும்பாலும் நகலெடுக்கும்போதுதான். குளவியும் ப்ளஸ்ஸும் பக்கத்தில் படமாக இருந்தால் எழுத்தோடு சேர்ந்து வராது. சில தளங்களில் நிறைந்த குறிகளுக்குப் பக்கத்தில் நிறையாத குறிகளும் மங்கலாக வரிசையில் நிற்கும். சின்னத் திரையில் பார்த்து எண்ணினால் மூன்று, ஐந்தாகிவிடும். திரையைப் பெரிதாக்கி எண்ணுங்கள். ஸ்வீடிஷ் பக்கத்தில் ‘பெட்டூக்’ என்ற சொல்லைத் தேடுங்கள்; மதிப்பெண் என்று பொருள். அதை ஒட்டி ‘4 ஆவ் 6’ என்பது போல எழுதியிருந்தால் வேலை முடிந்தது. ‘ஆவ்’ என்பதற்குப் பின்னால் வருவதுதான் உச்சம்.

ஆஃப்டன்பிளாடெட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தப் பத்திரிகையின் சந்தாச் சேவைக்குப் பெயரே ‘ப்ளஸ்’. தலைப்புக்குப் பக்கத்தில் ப்ளஸ் என்று பார்த்ததும் ‘ஒரே ஒரு ப்ளஸ்தான் கொடுத்திருக்கிறார்கள்’ என்று கொதிக்க வேண்டாம். அது சந்தா கட்டியவர்களுக்கான கட்டுரை என்ற அடையாளமாக இருக்கலாம். மதிப்பெண் தனியாக இருக்கும்.

பல இதழ்களின் மதிப்பெண்களைத் திரட்டி ஒரே எண்ணாகக் காட்டும் மெட்டாக்ரிடிக் தளத்தின் எண்ணைப் பகிரும்போதும் இதே கவனம் தேவை. குறைந்தது 4 விமர்சனம் சேர்ந்த பிறகே அது மொத்த எண்ணைக் காட்டும். அது சாதாரண சராசரியும் இல்லை. சில இதழ்களுக்கு எடை அதிகம், எவ்வளவு என்று வெளியில் சொல்வதில்லை. மதிப்பெண்ணே போடாத இதழ் என்றால், கட்டுரையைப் படித்துப் பார்த்து மெட்டாக்ரிடிக் ஊழியர்களே ஓர் எண்ணைக் குறிப்பார்கள். அதை எடுத்து ‘அந்த இதழ் 80 கொடுத்தது’ என்று எழுதினால், அந்த விமர்சகர் ஒருபோதும் போடாத எண்ணை அவர் தலையில் கட்டுகிறீர்கள். வெளியான வாரத்தில் ஒவ்வொரு விமர்சனமும் எண்ணை இழுக்கும். ஆகவே எண்ணோடு சேர்த்து எத்தனை விமர்சனம், எந்தத் தேதி நிலவரம் என்பதையும் எழுத வேண்டும்.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். தவறான 5/5 முதலில் யாரோ ஒருவரின் தொகுப்பில் ஏறும். அங்கிருந்து கலைக்களஞ்சியப் பக்கத்தின் மதிப்பெண் பெட்டிக்குப் போகும். இரண்டு வருடம் கழித்து அடுத்த ஆல்பத்துக்கு அதே பத்திரிகை மறுபடி பகடை 5 போடுகிறது. இம்முறை ஒருவர் சரியாக 5/6 என்று பதிகிறார். உடனே ‘போன ஆல்பத்துக்கு முழு மதிப்பெண், இப்போது இறங்கிவிட்டார்கள்’ என்று ஒரு கதை கிளம்புகிறது. பேண்ட் இறங்கவில்லை, பத்திரிகையும் மாறவில்லை. நடுவில் ஒருவர் உச்சத்தை எழுதாமல் விட்டதுதான் காரணம்.

கச்சேரி விமர்சனத்தை ஆல்பத்தின் கணக்கில் சேர்ப்பது

ஹைவ்ஸ் மேடைக்குப் பேர் போனவர்கள். பாடகர் பெல்லே ஆல்ம்க்விஸ்ட் கூட்டத்தை ஆட்டிவைப்பதைப் பார்த்துவிட்டு வரும் விமர்சகர் கைநிறைய குளவி போடுவது சகஜம். ஆல்பம் வந்த வாரத்தில் சுற்றுப்பயணமும் நடந்தால் இரண்டும் கலந்துவிடும். ஸ்வீடிஷ் மொழியில் இரண்டுக்கும் ‘ரெசென்ஷூன்’ என்றுதான் பெயர். பக்கத்தில் ‘ஷீவா’ அல்லது ‘அல்பும்’ என்று இருந்தால் ஆல்பம். ‘கொன்சர்ட்’, ‘ஸ்பெல்னிங்’ என்று இருந்தால் கச்சேரி. கட்டுரையில் அரங்கத்தின் பெயரும் கூட்டத்தின் அளவும் இருந்தாலே சந்தேகப்படுங்கள்.

பேண்டின் அறிக்கையை விமர்சனம் என்று நம்புவது

2023 ஆகஸ்ட் 11 அன்று, 11 வருட இடைவெளிக்குப் பிறகு ஹைவ்ஸ் ‘தி டெத் ஆஃப் ராண்டி ஃபிட்ஸிம்மன்ஸ்’ ஆல்பத்தோடு திரும்பினார்கள். ராண்டி ஃபிட்ஸிம்மன்ஸ், அவர்களின் பாடல்களை எழுதுவதாக ஆரம்பம் முதல் பேண்ட் சொல்லிவரும் ஆள். வெளியில் யாரும் பார்த்ததில்லை. அவர் இறந்துவிட்டார், கல்லறையைத் தோண்டியபோது ஒலிநாடாக்களும் கோட்டுகளும் கிடைத்தன என்பது ஆல்பத்தோடு வந்த அறிக்கையின் கதை. பல தளங்கள் அந்த வரிகளை அப்படியே போட்டன. அதை எடுத்து ‘பத்திரிகைகள் கொண்டாடுகின்றன’ என்று பகிர்ந்தால் பேண்ட் எழுதியதைத்தான் பகிர்கிறீர்கள்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. சந்தேகமான வாக்கியத்தில் ஏழெட்டுச் சொற்களை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். மூன்று தளங்களில் அதே வரி வந்தால் அது அறிக்கை. எழுதியவர் பெயர் இல்லை, ஒரு பாட்டைப் பற்றிக்கூட எதிர்க்கருத்து இல்லை, கடைசியில் சுற்றுப்பயணத் தேதிகள் வரிசையாக இருக்கின்றன என்றால் தேடவே தேவையில்லை.

ஒரே கட்டுரையை ஏழு பத்திரிகையாக எண்ணுவது

டிட்னிங்கார்னஸ் டெலிகிராம்பிரோ என்பது 1921-இல் தொடங்கிய ஸ்வீடிஷ் செய்தி நிறுவனம். அது அனுப்பும் பொழுதுபோக்குக் கட்டுரைகள் ஊர் ஊராக உள்ளூர்ப் பத்திரிகைகளில் வரும். ஒரே குழுமத்துக்குச் சொந்தமான பத்திரிகைகளும் தங்களுக்குள் கட்டுரையைப் பகிர்ந்துகொள்ளும். எழுதியவர் பெயரைப் பாருங்கள். பெயர் ஒன்றென்றால் விமர்சனமும் ஒன்று.

மொழிபெயர்ப்புக் கருவியை நம்பி மேற்கோள் போடுவது

ஸ்வீடிஷிலிருந்து ஆங்கிலம், அங்கிருந்து தமிழ் என்று இரண்டு தாவலில் வாக்கியம் வரும்போது தொனிதான் முதலில் போகும். ‘க்ரிம்’ என்ற சொல்லுக்கு அகராதியில் ‘கொடூரமான’ என்றிருக்கும். பேச்சு வழக்கில் ‘க்ரிம் ஷீவா’ என்றால் அட்டகாசமான ஆல்பம். நாம் ‘பயங்கரமா இருக்கு’ என்று பாராட்டாகச் சொல்வதில்லையா, அப்படி.

‘ஹபீல்’ இதற்கு நேர் எதிர். கருவி அதை ‘திறமையான’ என்று கொடுக்கும். ரசிகர் மகிழ்ந்து பகிர்ந்துவிடுவார். விமர்சகர் சொன்னது ‘வேலை தெரிந்தவர்கள், தப்பில்லாமல் செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான்’ என்பது. பங்க் ஆல்பத்துக்கு அது பாராட்டில்லை.

டேனிஷ், நார்வீஜிய விமர்சனங்களையும் ஸ்வீடிஷ் என்று நினைத்துப் படித்தால் இன்னொரு அடி விழும். ‘ரூலிக்’ என்றால் ஸ்வீடிஷில் ஜாலியானது. எழுத்து மாறாத அதே சொல் டேனிஷிலும் நார்வீஜியத்திலும் அமைதியானது. கருவியில் மொழியைத் தானாகக் கண்டுபிடிக்க விடாமல், பத்திரிகை எந்த நாட்டுடையது என்று பார்த்து நீங்களே தேர்ந்தெடுங்கள்.

மேற்கோளை எங்கே வெட்டுகிறோம் என்பதும் முக்கியம். ஸ்வீடிஷில் ‘மென்’ என்றால் ‘ஆனால்’. நீங்கள் எடுத்த வாக்கியத்துக்கு அடுத்தது ‘மென்’ என்று தொடங்கினால் அதையும் சேர்த்துப் போடுங்கள். இடம் போதாதென்றால் இரண்டையும் விட்டுவிடுங்கள்.

தேதி பார்க்காமல் பகிர்வது

ஹைவ்ஸின் ‘வெனி விடி விஷியஸ்’ ஸ்வீடனில் 2000-இல் வந்தது. பிரிட்டனில் அவர்கள் பெயர் பரவியது 2001-இல் பாப்டோன்ஸ் என்ற இசை நிறுவனம் வெளியிட்ட ‘யுவர் நியூ ஃபேவரிட் பேண்ட்’ தொகுப்பால். முந்தைய வெளியீடுகளின் பாடல்களைச் சேர்த்துப் போட்ட தொகுப்பு அது. 2001, 2002 தேதியிட்ட பிரிட்டிஷ் கட்டுரையில் அதே பாடல்கள் பேசப்பட்டாலும் விமர்சிக்கப்படுவது வேறு வெளியீடாக இருக்கலாம்.

ஸ்வீடனின் ஊமியோ நகரத்து பங்க் பேண்டான ரெஃப்யூஸ்ட் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். ‘தி ஷேப் ஆஃப் பங்க் டு கம்’ 1998-இல் வந்தது, அதே வருடம் பேண்ட் உடைந்தது. 2010-இல் அதன் சிறப்புப் பதிப்பு வந்தபோது எழுதப்பட்ட விமர்சனங்கள், பன்னிரண்டு வருடப் புகழையும் சேர்த்து எடைபோட்டவை. அவற்றை, பேண்ட் மறுபடி ஒன்றுசேர்ந்த பின் 2015-இல் வந்த ‘ஃப்ரீடம்’ ஆல்பத்தின் முதல் வார விமர்சனங்களோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் புது ஆல்பம் தோற்றே தீரும். அது நியாயமில்லை.

மாத இதழ்களின் அட்டையில் இருக்கும் மாதம் எப்போதும் முன்னால் ஓடும். ‘அக்டோபர்’ இதழ் அதற்கு முன்பே கடைக்கு வந்திருக்கும். ஸ்வீடிஷ் தேதி 2025-08-29 என்று வருடத்தில் தொடங்கும். நீங்களும் அப்படியே எழுதினால் நாள் எது, மாதம் எது என்ற குழப்பம் வராது.

ஸ்கிரீன்ஷாட் மட்டும் போடுவது

படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேட முடியாது. வேண்டாம்.

கசிந்த ஆல்பத்தைக் கேட்டவர்களின் கருத்து

விமர்சனப் பட்டியலில் அதற்கு இடமில்லை.

சந்தாக் கட்டுரையை முழுசாக ஒட்டுவது

‘எல்லாரும் படிக்கட்டுமே’ என்ற நல்லெண்ணம்தான். ஆனால் ஒரு ஆல்பத்தைப் பத்து முறை கேட்டு எழுதியவரின் கூலி அந்தச் சந்தாவிலிருந்துதான் வருகிறது. ஸ்வீடிஷ் காப்புரிமைச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு வெளியான படைப்பிலிருந்து மேற்கோள் காட்ட அனுமதிக்கிறது. நல்வழக்கத்துக்கு உட்பட்டு, நோக்கத்துக்குத் தேவையான அளவில். ஒன்றிரண்டு வாக்கியம் அதற்குள் அடங்கும், முழுக் கட்டுரை அடங்காது. பத்திரிகை, நாடு, எழுதியவர், தேதி, உச்சத்தோடு மதிப்பெண், மூல வாக்கியம், அதன் தமிழ், லிங்க் என்று எட்டு விவரத்தையும் நாலே வரியில் அடக்கிவிடலாம்.

தப்பாகப் போட்டதை அழித்துவிடுவது

அழித்தால் அதை ஏற்கெனவே எடுத்துப் போனவர்களுக்குத் தெரியாது. அதே இடத்தில் பழைய எண்ணைக் கோடிட்டு அடித்து, பக்கத்தில் சரியானதையும் திருத்திய தேதியையும் எழுதுங்கள்: ‘5/5 என்று போட்டிருந்தது தவறு, பகடை 5 (6-க்கு).’ பிறகு அதை எடுத்துப் பகிர்ந்தவர்களில் கண்ணில் படும் ஒவ்வொருவருக்கும் அந்த ஒரு வரியை அனுப்பிவிடுங்கள்.