டிஇஏ எண்: வாங்கும்போதும் வைத்திருக்கும்போதும் நடக்கும் தவறுகள்

அமெரிக்காவில் ரெசிடென்சி (மருத்துவமனையில் மேற்பயிற்சி) முடிக்கப்போகும் டாக்டருக்குப் போர்டு தேர்வு, விசா, வீடு மாற்றம் என்று தலைக்கு மேல் வேலை. அந்த நெரிசலில் டிஇஏ பதிவைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். மார்ஃபினோ, ஏடிஎச்டி என்னும் கவனக் குறைபாட்டுக்கான ஆடரலோ, தூக்கத்துக்கான ஜோல்பிடெமோ, பழக்கமாகிவிடும் அபாயத்தால் அரசின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள எந்த மருந்தை எழுதவும் மருந்து அமலாக்க நிர்வாகத்தின் (டிஇஏ) இந்தப் பதிவு வேண்டும். விண்ணப்பப் படிவமான ஃபார்ம் 224-ஐ ஆன்லைனிலேயே நிரப்பலாம். 3 வருடத்துக்குக் கட்டணம் 888 டாலர். பணம் கட்டினால் திரும்ப வராது.

பலர் இதைப் பான் எண் மாதிரி ஆளோடு ஒட்டிய எண் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஒரு மாநில லைசென்ஸ், ஒரு முகவரி, ஒரு பெயர் ஆகியவற்றோடு கட்டிப்போட்ட அனுமதி இது. அதில் ஒன்று மாறினாலும் போய்த் திருத்த வேண்டும். நம்மவர்களுக்கு வேலைக்காக ஊர் மாறுவது அதிகம் என்பதால் தவறுகளும் அந்த நேரத்தில்தான் அதிகம்.

ரெசிடென்சியில் பெரும்பாலும் மருத்துவமனையின் டிஇஏ எண்ணுக்குப் பின்னால் ஒரு தனிக் குறியீடு சேர்த்து எழுதியிருப்பீர்கள். அது அந்த மருத்துவமனையின் பணியில் இருக்கும்வரைதான். ஜூன் 30 முடிந்தால் அதுவும் முடிந்தது. சொந்த எண்ணுக்கு டிஇஏ சொல்லும் கால அளவு 4 முதல் 6 வாரம். ஆனால் அதற்கு முன்பே புது மாநிலத்தின் மருத்துவ லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும். இல்லினாய், நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ் போன்ற சில மாநிலங்களில் மாநில அளவில் இன்னொரு தனிப் பதிவும் வேண்டும். இதற்கெல்லாம் முன்னால் ஃபார்ம் 224-ஐ அனுப்பினால் விண்ணப்பம் அப்படியே கிடக்கும்.

முகவரிக் கட்டத்தில் தபால் பெட்டி எண்ணை ஏற்க மாட்டார்கள். இரண்டு மாதத்தில் காலி செய்யப்போகும் அபார்ட்மென்ட் முகவரியைப் போடுவதும் வீண் வம்பு. வேலை செய்யப்போகும் கிளினிக்கைப் போடுங்கள். பின்னால் இடம் மாறினால், மாறுவதற்கு முன்பே ஆன்லைனில் திருத்திவிடலாம், கட்டணம் இல்லை. வேறு மாநிலத்துக்கே போனாலும், அங்கே லைசென்ஸ் வாங்கிய பிறகு அதே எண்ணை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மாற்றிய பிறகு அந்த எண் பழைய மாநிலத்தில் செல்லாது. ஓஹையோவில் வேலை, மாதம் இரண்டு வாரஇறுதி இந்தியானாவில் என்றால் இரண்டு பதிவு, இரண்டு கட்டணம்தான். அரசு மருத்துவமனை ஊழியராகக் கட்டண விலக்கில் வாங்கிய எண்ணைத் தனியார் கிளினிக்கில் பயன்படுத்துவதும் கூடாது.

அப்புறம் பெயர். இனிஷியலோடு வாழ்ந்தவர்களுக்கு எந்தப் படிவத்திலும் இருக்கும் தலைவலிதான். மாநில லைசென்ஸில் எப்படி இருக்கிறதோ எழுத்து மாறாமல் அப்படியே போடுங்கள். டிஇஏ எண்ணில் இரண்டு எழுத்து, ஏழு இலக்கம். இரண்டாம் எழுத்து பொதுவாகக் குடும்பப் பெயரின் முதலெழுத்து. குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயர் போயிருந்தால், பார்மசிக்காரர் உங்களை அறிந்த பெயரோடு அது ஒத்துப்போகாது, ஃபோன் வரும். கடைசி இலக்கம் ஒரு சரிபார்ப்பு. 1234563 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1, 3, 5 கூட்டினால் 9. 2, 4, 6 கூட்டி இரட்டித்தால் 24. மொத்தம் 33, அதன் கடைசி இலக்கம் 3, எண்ணின் கடைசியிலும் 3. புது வேலையில் அலுவலகத்தார் உங்கள் எண்ணைக் கணினியில் ஏற்றிய பிறகு ஒருமுறை இப்படிப் போட்டுப் பாருங்கள். தப்பாக ஏற்றிய ஒற்றை இலக்கம் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும்.

விண்ணப்பத்தில் மருந்து வகைகளைத் தேர்வு செய்யும் இடத்தில், கடுமையான கட்டுப்பாட்டில் உள்ள இரண்டாம் அட்டவணை மருந்துகளுக்கு இரண்டு பெட்டிகள் உண்டு: போதை வலிநிவாரணிகளுக்கு ஒன்று, மற்றவற்றுக்கு 2என் என்று ஒன்று. 2என்-ஐ விட்டுவிட்டால் ஏடிஎச்டி குழந்தைக்கு ரிட்டலின் எழுத முடியாது. 2023 ஜூன் 27 முதல், போதைப் பழக்க சிகிச்சை பற்றிய 8 மணி நேரப் பயிற்சி முடித்ததாகவும் டிக் செய்ய வேண்டும். சமீபத்தில் பட்டம் பெற்றவர்களுக்கான விலக்கு அமெரிக்கக் கல்லூரிகளில் படித்தவர்களுக்குத்தான். மதுரை மெடிக்கலிலோ ஸ்டான்லியிலோ படித்தவர் பயிற்சியை முடித்து, சான்றிதழைப் பத்திரமாக வைத்திருப்பது நல்லது.

புதுப்பிக்காமல் விடுவது எனக்குத் தெரிந்து எல்லாவற்றிலும் அசட்டுத்தனமான தவறு, காரணமும் அற்பமானது. நினைவூட்டல்கள் மின்னஞ்சலில்தான் வரும்: 60, 45, 30, 15, 5 நாள் முன்பு. பதிவில் கொடுத்ததோ பழைய மருத்துவமனையின் மின்னஞ்சல். அதை மூடி வருடங்கள் ஆகியிருக்கும். சொந்த மின்னஞ்சலைக் கொடுங்கள். காலாவதிக்கு முன் விண்ணப்பித்துவிட்டால், பதில் வரும்வரை பழைய பதிவு உயிரோடு இருக்கும். தவறவிட்டால் ஒரு மாத அவகாசம் உண்டு, ஆனால் அந்த மாதத்தில் கட்டுப்பாட்டு மருந்து எதையும் எழுதக்கூடாது. அதையும் தாண்டினால் புது விண்ணப்பம், புது எண். இன்ஷூரன்ஸ் கம்பெனி முதல் பார்மசி வரை எல்லோருக்கும் மறுபடி சொல்ல வேண்டும்.

எண் கிடைத்ததும் மின்மருந்துச்சீட்டு எழுதிவிட முடியாது; அடையாளச் சரிபார்ப்பு இருக்கிறது. வெளி நிறுவனம் வழியாகச் செய்தால் உங்கள் கடன் வரலாற்றிலிருந்து கேள்வி வரலாம். நாட்டுக்குப் புதியவருக்கு அப்படி ஒரு வரலாறே இருக்காது. மருத்துவமனை தன் அலுவலகத்திலேயே நேரில் சரிபார்க்கும் வழியும் உண்டு, கேட்டுப் பாருங்கள். மின்சீட்டில் கையெழுத்திட உதவும் டோக்கனையும் (அடையாளத்தை உறுதிசெய்யும் கருவி) கடவுச்சொல்லையும் நர்ஸிடம் கொடுத்துவைப்பது நடக்கிற கதைதான், ஆனால் சட்டப்படி தவறு. சீட்டை அவர் தயார்செய்யலாம், கையெழுத்து உங்களுடையதாக இருக்க வேண்டும். டோக்கன் தொலைந்தது தெரிந்தால் ஒரு வேலை நாளுக்குள் சொல்லிவிட வேண்டும்.

வீடியோவில் மட்டும் பார்த்த நோயாளிக்கு எழுதுவது தனிக் கதை. 2008-இன் ரயன் ஹைட் சட்டம் பொதுவாக ஒருமுறையாவது நேரில் பார்க்கச் சொல்கிறது. கோவிட் காலத்தில் தளர்த்தியதைத் தவணை தவணையாக நீட்டித்து வந்திருக்கிறார்கள். போன வருடம் சரியாக இருந்தது இந்த வருடமும் சரி என்று எடுத்துக்கொள்ளாமல், அப்போதைய நிலவரத்தைப் பாருங்கள். நோயாளி இருக்கும் மாநிலத்தின் விதியும் உண்டு. சென்னையில் இருக்கும் டாக்டர் நண்பர் எழுதித் தருவாரா என்று கேட்கவும் வழியில்லை. இந்தியாவின் 2020 டெலிமெடிசின் (தொலைவழி மருத்துவம்) வழிகாட்டுதலில், கடுமையான கட்டுப்பாட்டில் உள்ள ஷெட்யூல் எக்ஸ் மருந்துகள், போதை மருந்துச் சட்டத்தில் வரும் மருந்துகள் இரண்டுமே தடைப்பட்டியலில் இருக்கின்றன.

“டிஇஏ ஏஜென்ட் பேசுகிறேன், உங்கள் லைசென்ஸ் ரத்தாகப் போகிறது, உடனே பணம் கட்டுங்கள்” என்று ஃபோன் வந்தால் வைத்துவிடுங்கள். டிஇஏ ஃபோனில் பணம் கேட்காது. உண்மையான திருட்டு சத்தமில்லாமல் நடக்கும். உங்கள் எண்ணில் யாரோ ஆக்ஸிகோடோன் என்ற போதை வலிநிவாரணியை எழுதிக்கொண்டிருப்பார்கள். மாநில மருந்துக் கண்காணிப்புத் தளங்கள் பலவற்றில் உங்கள் பெயரில் வந்த சீட்டுகளை நீங்களே பார்க்கலாம். மாதம் ஒருமுறை அந்தப் பட்டியலைத் திறந்து, அறியாத பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.