வைட் லென்ஸ் ஒப்பீடு: மூலை மங்கினால் உடனே லென்ஸைக் குறை சொல்லாதீர்கள்

அகலமான காட்சியைப் பிடிக்கும் வைட் லென்ஸ்கள் இரண்டை, அதாவது ஒரு 20 மி.மீ. பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸையும் ஒரு 16-35 மி.மீ. ஜூமையும் மொட்டை மாடியில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். நடுவில் ஃபோகஸ் வைத்து எஃப்/8-இல் எடுத்ததில் பிரைமின் மூலைகள் குழைந்திருந்தன. பக்கத்துத் தெரு வீட்டின் ஜன்னல் கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் தெரிந்தன. லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றே நினைத்தேன். மறுநாள் லைவ் வியூவில் (கேமராத் திரையில் தெரியும் நேரடிக் காட்சியில்) அந்த மூலையைப் பெரிதாக்கி, கம்பியிலேயே ஃபோகஸ் வைத்து எடுத்தேன். கம்பிகள் தனித்தனியாக வந்தன.

பலரும் செய்யும் முதல் தவறு இதுதான். வைட் லென்ஸ் பலவற்றில் ஃபோகஸ் தளம் பலகைபோலத் தட்டையாக இருக்காது, வளைந்திருக்கும். நடுவில் ஃபோகஸ் வைத்தால் ஓரங்களில் அது கேமராவுக்குக் கிட்டவோ எட்டவோ போய் விழும். அபெர்ச்சரை, அதாவது ஒளி புகும் துளையை, சுருக்கினால் (எஃப் எண்ணைக் கூட்டினால்) இது ஓரளவு மறையும். ஆனால் 45 மெகாபிக்சல் படத்தை நூறு சதவீதத்தில் பார்க்கும்போது அப்பட்டமாகத் தெரியும். அதனால் ஒவ்வொரு அபெர்ச்சருக்கும் இரண்டு படம் எடுங்கள்: நடுவில் ஃபோகஸ் வைத்து ஒன்று, மூலையில் வைத்து ஒன்று. மூலையில் ஃபோகஸ் வைத்தும் மூலை மங்கலாக வந்தால்தான் லென்ஸைக் குறை சொல்லலாம். சில லென்ஸ்களில் அபெர்ச்சரைச் சுருக்கும்போது ஃபோகஸே கொஞ்சம் நகர்ந்துவிடும். ஆகவே எஃப்/2-இல் ஃபோகஸ் செய்து பூட்டிவிட்டு எஃப்/8-இல் எடுக்க வேண்டாம். எடுக்கப்போகும் அபெர்ச்சரிலேயே ஃபோகஸ் செய்யுங்கள்.

அடுத்தது, எஃப்/16, எஃப்/22 படங்களை வைத்துத் தீர்ப்பு எழுதுவது. அங்கே ஒளியின் விளிம்பு விளைவு (சிறிய துளை வழியே வரும் ஒளி பரவி மங்குவது) முந்திக்கொள்கிறது. பச்சை ஒளியில் ஒரு புள்ளி எஃப்/8-இல் சுமார் 11 மைக்ரான் அகல வட்டமாகப் பரவும். எஃப்/16-இல் 21, எஃப்/22-இல் ஏறக்குறைய 30. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் (36 x 24 மி.மீ.) சென்சாரில் ஒரு பிக்சலின் அகலமே 6 மைக்ரான்தான். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸானாலும் இதிலிருந்து தப்ப முடியாது. எஃப்/16-இல் படத்தின் நடுப்பகுதியை வைத்து இது நல்ல லென்ஸ், அது சுமார் என்று பிரிப்பது கடினம். வித்தியாசத்தைப் பார்க்க வேண்டுமானால் எஃப்/5.6 முதல் எஃப்/11 வரை பாருங்கள். சரி, நீங்கள் எப்போதும் எஃப்/16-இல்தான் எடுப்பவரா? அப்படியானால் விலை கூடிய லென்ஸுக்குப் பணத்தைக் கொட்டுவதற்கு முன் ஒரு முறை யோசியுங்கள்.

சுவரில் சார்ட் (கூர்மையைச் சோதிக்கக் கோடுகள் அச்சிட்ட தாள்) ஒட்டி எடுப்பதையும் நான் பெரிதாக நம்புவதில்லை. ஒரு மீட்டர் அகல சார்ட் 20 மி.மீ. லென்ஸில் ஃபிரேமை நிரப்ப, ஃபுல் ஃபிரேம் கேமராவை 55 செ.மீ. பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். மலையையும் கடலையும் எடுக்க வாங்கிய லென்ஸை அரை மீட்டரில் சோதித்து என்ன பயன்? தூரத்துக் கட்டடமே மேல். ஆனால் உச்சி வெயிலில் வேண்டாம், கானல் அலையே படத்தை மங்கலாக்கிவிடும்.

எஃப்/4-இல் 1/250 நொடியில் எடுத்தது, அதே ஐ.எஸ்.ஓ.வில் (ஒளி உணர்திறனில்) எஃப்/16-க்குப் போனால் 1/15 நொடியாகிவிடும். அந்த வேகத்தில் கை நடுக்கம் இருக்கட்டும், டி.எஸ்.எல்.ஆர். கண்ணாடி எழும்பும் அதிர்வே போதும் படத்தைக் கெடுக்க. ட்ரைபாட், இரண்டு நொடி டைமர், லைவ் வியூ, இந்த மூன்றும் கட்டாயம். ட்ரைபாடில் ஸ்டெபிலைசரை (நடுக்கம் தணிக்கும் வசதியை) அணைத்துவிடுங்கள். கேமராவின் டிஸ்டார்ஷன் (நேர்கோடுகள் வளைந்து தெரிவது) திருத்தம் மூலைகளை இழுத்து நீட்டும். அதனால் ஒரு லென்ஸுக்கு அது இருந்து இன்னொன்றுக்கு இல்லாமல் போகக் கூடாது.

அப்புறம், ஒரே ஒரு மூலையை மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். லென்ஸுக்குள் ஒரு கண்ணாடி லேசாக விலகியிருந்தாலும் ஒரு பக்கம் மட்டும் மங்கும். அது அந்த ஒரு லென்ஸின் பழுது, அந்த மாடலின் குணமல்ல. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: ஃபோகஸைத் தொடாமல், தூரத்திலுள்ள ஒரே பெயர்ப்பலகையை நான்கு மூலைகளிலும் மாறி மாறி வரவைத்து நான்கு படம் எடுங்கள். நான்கிலும் எழுத்துகள் ஒரே மாதிரி இருந்தால் உங்கள் லென்ஸில் பழுதில்லை.